மூடியை மூடுங்க

ரப்பர் பாலில் ரப்பர் எவ்வளவு
தண்ணீர் எவ்வளவு என்று
தசமப் புள்ளி பிசகாமல் சொல்லும் செல்லநேசன் சார்
மார்த்தாண்டம் லேபில் இந்த நாலு வருடத்தில்
என்னிடம் நாற்பது வாக்கியம் பேசியிருப்பார்.
அதில் முப்பத்தொன்று
"மூடியை மூடுங்க."

அமோனியா பாட்டிலைச் சொல்கிறார்.
அது கொஞ்சம் சேராவிட்டால்
விடியற்காலை வெட்டிய பால்
மதியத்துக்குள் கட்டியாகிவிடும்.
சாருக்கு ஊற்ற யாரோ மறந்துவிட்டார்கள்
என்று நினைத்துக்கொள்வேன்.
வணக்கம் சொன்னால்
தொண்டைக்குள் ஏதோ திரைவது வெளியே தெரியும்.
பதில் வருவதற்குள்
நான் டீ குடித்துவிட்டுத் திரும்பியிருப்பேன்.

சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதித்
தராசின் அடியில் வைப்பார்.
'றெஜினா, நாளை எனக்கு லீவு. மன்னிக்கவும்.'
லீவுக்கு எதற்கு மன்னிப்பு?

திருவோணத்துக்கு மறுநாள்
நாத்தனார் வீட்டுக்குப் பாறசாலை போனேன்.
களியக்காவிளை செக்போஸ்ட் தாண்டினால்
பஸ் அதே பஸ், கண்டக்டர் அதே கண்டக்டர்,
ரோட்டோரம் தொங்கும் வாழைக்குலையும் அதேதான்.
நாக்கு மட்டும் இஞ்சிவிளையில் இறங்கி
வேறு செருப்பு மாட்டிக்கொள்ளும்.

ராத்திரி கிளப் மைதானத்தில் மிமிக்ரி போட்டி.
'பிரின்ஸ் பாறசாலை' என்று அலறியது மைக்.
ஊதாச் சட்டை. நெற்றியில்
எண்ணெய் போட்டு ஒட்டிய ஒற்றைச் சுருள்.
முன்வரிசைச் சேச்சிகளைப் பார்த்துக் கண்ணடித்தான்.
"இவன் வந்தா சிரிச்சே சாவணும் கேட்டியா"
என்றாள் நாத்தனார்.

தவளை, மலையேறும் லாரி,
கல்யாணப் பந்தியில் பப்படம் நொறுங்குவது,
எல்லாவற்றுக்கும் அந்தத் தொண்டையில் இடம் இருந்தது.
கடைசியாகச் சொன்னான்,
"அக்கரெ ஒரு லேபுண்டு.
அவிடெ பாவப்பெட்ட ஒரு சாருண்டு."

தோளைக் குறுக்கினான்.
இல்லாத கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றினான்.
ஒருத்தி வணக்கம் சொல்வதாகவும்
பதிலைத் தேடி இவன்
சட்டைப்பையைத் துழாவுவதாகவும் பாவனை.
பிறகு தமிழில்:
"மூ... மூ... மூடியை..."

மைதானம் புரண்டது.
நாத்தனார் என் மேல் விழுந்து சிரித்தாள்.
அந்த ஒருத்தி நான்.
எழுந்து நின்றுவிட்டேன், ஏனென்று தெரியவில்லை.
சிரிக்காமல் நிற்கும் ஒரே ஆள்
ட்யூப்லைட் வெளிச்சத்தில்
நன்றாகவே தெரிந்திருப்பேன்.

பார்த்தான்.
சுருள் அவிழ்ந்து கண்ணில் விழுந்தது.
ஆசிட் ஊற்றிய தட்டில் பால் போல
அங்கேயே, எல்லோர் முன்னாலும்,
உறைந்துபோனார்.
ஆமாம், இப்போது 'ர்'.
"மூ" என்றார். "மூ."
அதற்கு மேல் வரவில்லை.
நடிப்பில்லை அது. அந்தக் காதுமடல் சிவப்பை
நாலு வருடமாகப் பார்க்கிறேன்.

கூட்டம் இதைத்தான் அதிகம் ரசித்தது.
விசில் அடங்கவே பத்து நிமிடம்.
முதல் பரிசு,
ஐந்து லிட்டர் பிரஷர் குக்கர்.

திங்கட்கிழமை
குக்கர் என் மேசைமேல் இருந்தது.
அதனடியில் சீட்டு.
'உங்களுக்கு.
அவனுக்கு வெட்கமே கிடையாது.
மன்னிக்கவும்.'

சார் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தார்.
எனக்குக் கோபம் வரவேண்டும்.
வந்தது, ஆனால் ஊதாச் சட்டைக்காரன் மேல்.
அவனை எங்கே போய்த் திட்டுவது?
பஸ் ஏறித்தான் போகவேண்டும்.

அமோனியா பாட்டிலைத் திறந்து
அப்படியே வைத்தேன்.
நெடி ஏறியது.
அவர் கண்ணில் தண்ணீர், என் கண்ணிலும்.
காரணம் என்ற கட்டத்தில்
ரிஜிஸ்டரில் அமோனியா என்றே எழுதலாம்.

"மூடியை..." என்று தொடங்கினார்.
"எந்த மூடி சார்?" என்றேன்.
"குக்கர் மூடியா?"

அவர் உதடு ஒரு பக்கமாக
இஞ்சிவிளை வரைக்கும் போனது.
அங்கேயே நின்றது.

வெளியே ஹாரன்.
பால் டிரம்களோடு
முதல் டெம்போ வந்துவிட்டது.