ஈரக் கழிவு

வருடத்தில் ஒருநாள் நான் கூட்டல்காரன்.
மற்ற நாளெல்லாம் கோத்தகிரிச் சரிவில்
பச்சைத் தேயிலை எடைபோடுகிறவன்.
கணக்கு வேகமாக வரும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.
ஐந்து நடுவர், ஐந்து சீட்டு,
மிகுந்ததையும் குறைந்ததையும் தள்ளிவிட்டு
நடுவிலுள்ள மூன்றைக் கூட்ட வேண்டும்.
ஆட்டம் பார்ப்பது என் வேலையில்லை.

தகரக் கூரை. மூன்று பக்கம் சுவர்,
நாலாவது பக்கம் பள்ளத்தாக்கு.
சிமென்ட் தளத்தில் முந்தின நாள் மழை
ஒரு திட்டாய்க் காயாமல் கிடந்தது,
கோணி போட்டு மிதித்து எடுத்தார்கள்.

சக்கரக் காலணியில் ஜோடி நடனம்.
முதலில் சுகந்தினி, போஜன்.
வாடகைக் காலணி; அவளுடையதில் ஒரு வாருக்குப் பதில் சணல்.
திரும்பும்போது அவன் தோளை அவள் தேடவில்லை,
தோள் அங்கே இருந்தது.
ஒற்றைக் காலில் அவள் வளைந்துபோன கோடு
தம்ளர் விளிம்பை விரலால் சுற்றினாற்போல
தொடங்கிய இடத்துக்கே வந்து முடிந்தது.
பார்த்துவிட்டேன், என்ன செய்ய.
ஆறு புள்ளி இரண்டு. ஆறு. ஐந்து புள்ளி எட்டு.
கூட்டினால் பதினெட்டு.
"காலையிலேயே அள்ளிக் கொடுத்துவிட்டால்
சாயங்காலத்துக்கு என்ன மிச்சம்?" என்றார்
மூன்றாம் நடுவர், வர்க்கித் தூளை மடியில் தட்டியபடி.

பதினோரு மணிக்குமேல் எண்கள் மலையேறின.
விழுந்து எழுந்தவனுக்கு ஏழே முக்கால்.
ஏழரை என்றால் சனி என்போம்,
அன்று அது வெறும் ஆறுதல்.
போன வருடம் ஏழு தங்கம்.
இந்த வருடம் எட்டு வாங்கிய பிள்ளை
மூக்கைச் சிந்திக்கொண்டே காலணி கழற்றுகிறது.
எங்கள் இலையின் விலை மட்டும்
இந்த வித்தையை இன்னும் கற்கவில்லை.

மூன்று மணிக்குக் கடைசி ஜோடி.
நாலாம் நடுவரின் மருமகனிடம் பயிற்சி.
நீலச் சட்டை, ஜிகினா.
பாட்டு தொடங்கியதும் பள்ளத்தாக்கிலிருந்து
மூடுபனி டிக்கெட் வாங்காமல் உள்ளே வந்தது.
எதிர்ச்சுவர் போனது.
கொடிகள் போயின.
பிறகு அவர்கள்.
சக்கரச் சத்தம் மட்டும்; நடுவில் ஒரு 'தொம்',
ஒரு சின்ன 'ஐயோ', மறுபடி சக்கரம்.
ஐந்து பேரும் வெள்ளையைக் கூர்ந்து பார்த்துத்
தலையசைத்தார்கள்.
ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

ஒன்பது புள்ளி இரண்டு. ஒன்பது புள்ளி நான்கு. ஒன்பதரை.
தள்ளிய குறைந்தது: ஒன்பது.
கூட்டலில் பிசகில்லை. இருபத்தெட்டு புள்ளி ஒன்று.
அடியில் என் கையெழுத்து, தேதியோடு.

மறுநாள் தூறல்.
யோகராணி மூட்டையை இறக்கினாள்.
சுகந்தினியின் அம்மா, அரை ஏக்கர் குத்தகை.
நேற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை.
"ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பீங்க?"
மூட்டைக்கு மூன்று கிலோ என்பது வழக்கம்.
எழுதி வைத்த வழக்கமில்லை, என் கை வழக்கம்.
இலைக்குள் விரல் விட்டேன். மணிக்கட்டு வரை நனைந்தது.
முப்பத்தொன்று என்று எழுதினேன்,
கழிவுக் கட்டத்தில் ஒரு கோடு.
சீட்டை அவள் இரண்டு தடவை படித்தாள்.
நன்றி சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்,
அதில் எத்தனை புள்ளி என்று.

அடுத்து மாதியம்மா.
அதே சரிவு, அதே தூறல், அதே தண்ணீர்.
யோகராணியின் சீட்டை எட்டிப் பார்த்துவிட்டுத்தான்
தன் மூட்டையைத் தட்டில் வைத்தாள்.
"எனக்கு?"

பென்சிலை எடுத்தேன்.
தராசின் சிவப்பு எண் நிற்கவில்லை.
கோணியின் மூலையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட
பத்து பத்து கிராமாய் இறங்கிக்கொண்டே இருந்தது.