மூன்று விசில்

எப்படி ஆச்சு என்று கேட்பவர்கள்
பதிலையும் கையோடு கொண்டுவருகிறார்கள்:
ஸ்டவ்வா, புருஷனா.
மாம்பழம் என்றேன்.
போலீஸ்காரம்மா பேனாவை நிறுத்தி
மறுபடி கேட்டாள்.

மாம்பழம்தான்.
காவேரிப்பட்டணத்துக் கூழ் ஆலை,
ஆனி மாதம், இரவு ஷிப்ட்.
நீராவிக் குழாயின் மூட்டு விட்டுப்போனது.
கழுத்து, இடக் கன்னம், இரண்டு கை.
நான் வெந்துகொண்டிருந்தபோதும்
ஆலை முழுக்க அதே தித்திப்பு வாசனை.

தருமபுரி பெரியாஸ்பத்திரி தீக்காய வார்டில்
கண்ணாடி கிடையாது.
காலை ஒன்பது மணிக்குக் கட்டுப் பிரிப்பார்கள்.
எட்டாம் கட்டில் சாக்கம்மா
ரயிலில் வெள்ளரி விற்றவள்,
பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டேஷன் பெயர்களைக் கத்துவாள்:
பாலக்கோடு
மாரண்டஹள்ளி
ராயக்கோட்டை
ஓசூர் வந்துவிட்டால் கட்டு முடிந்தது.
நானும் அந்த வண்டியில் ஏறிக்கொண்டேன்.

ஒரு நாள் கெலமங்கலத்தோடு அவள் குரல் நின்றது.
ஓசூரை நான் சொன்னேன்.

தொடைத் தோலைக் கன்னத்தில் வைத்து
பிடிக்கும்வரை அசையாதே என்றார் டாக்டர்.
தெரியும் சார்,
சந்தூர் நர்சரியில் ஆறு வருஷம்
மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டியவள் நான்.
அன்றைக்குத்தான் முதலில் சிரித்தேன்.
சிரித்ததற்கும் திட்டு விழுந்தது.

மனசுக்கு ஆள் வந்திருக்காங்க என்றாள் நர்ஸ்,
மோட்டாருக்கு ஆள் வந்ததுபோல.
ஜெசிந்தா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.
தைரியமாயிரு என்று சொல்லவில்லை.
எந்தச் சத்தத்துக்கு உடம்பு தூக்கிப் போடுகிறது என்றாள்.

குக்கர்.

வீட்டுக்குப் போன பிறகும்
எனக்காக எல்லாரும் வடித்த சோறு, சட்டிப் பருப்பு.
பக்கத்து வீட்டு விசிலுக்குக்
கட்டிலடியில் புகுந்துகொண்ட நாட்கள் உண்டு.
மாதையன் வெளியே போய்
அவர்கள் அடுப்போடு சண்டை போட்டுவிட்டு வருவான்.

வியாழக்கிழமை தோறும் பஸ்.
பக்கத்து சீட் தருமபுரி வரை காலி.
ஜெசிந்தா செல்போனில் விசிலைப் பதிந்து வைத்திருந்தாள்,
முதலில் கொசு ரீங்காரம் அளவுக்கு.
அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டி.
ஒரு வாரம் வேண்டாம் என்று அழுதேன்,
சரி என்று டீ வாங்கிக் கொடுத்தாள்.
பிறகு தெருமுனையில் நின்று. பிறகு வாசலில்.

நேற்று நானே துவரை போட்டு மூடினேன்.
இறுக்கக் கையுறைக்குள் விரல்கள் தந்தியடித்தன.

முதல் விசிலுக்குப் புழக்கடையில் இருந்தேன்.
இரண்டாவதற்கு
மாரண்டஹள்ளி, ராயக்கோட்டை.
மூன்றாவதற்கு அடுப்பின் முன்னால்,
அணைத்தது என் கைதான்.

பருப்பு வேகவில்லை.
மாதையனும் பிள்ளையும்
வாயே திறக்காமல் தின்றார்கள்.
எனக்குத்தான் பொறுக்கவில்லை.
எல்லார் தட்டிலிருந்தும் வழித்துப் போட்டு
மறுபடி ஏற்றினேன்:
இன்னும் ரெண்டு விசில் வேணும் இதுக்கு.