இருந்து பார்த்து வாங்கியது

முதல் நாள் ஜீன்ஸோடு போனேன்.
வார்னீட் படகுத்துறையில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
டெப்ரா மட்டும் என் கால்களை ஒருமுறை பார்த்துவிட்டு
வானத்தைப் பார்த்தாள்.

கயாக்கில் இருக்கை என்பது
எங்களுக்கு முதலே தண்ணீர் வந்து குந்தியிருக்கிற இடம்.
துடுப்பின் ஒவ்வொரு வீச்சுக்கும் அரைக் கரண்டி
முழங்கையால் வழிந்து மடியில் சேரும்.
பத்து மணிக்கு ஜீன்ஸ் என்னைவிடக் கனம்.
தையல் மூட்டு தொடைக்குப் பின்னால்
கயிறுபோலக் கிடந்து அறுத்தது.
பின் பொக்கற்றில் கார்த் திறப்பு,
திறப்புக்கு மேலே நான்,
ஐந்து மணித்தியாலம்.

வற்றுக்கு முன்னம் கரையேற வேண்டுமென்று
டெப்ரா அவசரப்படுத்தினாள்.
சேற்றில் கால் வைத்தேன்.
நான் வந்தேன், களுசான் வர மறுத்தது.
இடுப்பை ஒரு கையால் பிடித்தபடி
ஒரு மீனுமில்லாமல்
கண்டல் மரங்களுக்கு முன்னால் நடந்துபோனேன்.

வெள்ளிக்கிழமை, கிரான்பேர்ண் கடை.
பெண்கள் பகுதியில் பூப்போட்டது, ஒட்டிப்பிடிப்பது,
கணுக்காலில் முடிச்சுப் போட்டது.
எல்லாவற்றிலும் பொக்கற் இருப்பதுபோல ஒரு கோடு.
விரலை விட்டேன். தைத்து மூடியிருந்தது.
வாசலைக் கீறிவிட்டு
வீட்டைக் கட்டாமல் போன மாதிரி.

ஆண்கள் பகுதிக்குப் போனேன்.
சாம்பல் நிறம், நைலோன், அளவு முப்பத்திநாலு.
பொக்கற் தொடையின் பக்கவாட்டில், சிப் வைத்து.
கவட்டில் சாய்சதுரமாய் ஒரு துண்டு கூடுதலாக.
அந்தத் துண்டை வைத்தது யாரோ,
ஒருநாளாவது நிலத்தில் காலை நீட்டி இருந்திருக்கிற ஆள்.

கடைக் கண்ணாடிகள் எல்லாம் நிற்பவர்களுக்கானவை.
நான் உடைமாற்றும் அறைக்கு வெளியே
கம்பளத்தில் இருந்தேன்.
முழங்கால் சற்று மடங்க,
குதிகள் ஒரு சப்பாத்துப் பெட்டியில் முட்ட,
இல்லாத துடுப்பைப் போட்டேன்.
இடம். வலம். இடம்.
பட்டி பின்னால் இறங்குகிறதா? இல்லை.
வயிற்றை வெட்டுகிறதா? குனிந்தால், கொஞ்சம்.

வயோதிபர் இல்லத்தில் ஒரு ஷிப்டுக்கு
ஒன்பது பேருக்குக் களுசான் மாட்டிவிடுகிறேன்.
இறுக்கமா என்று கேட்காமல்
ஒருவருக்கும் நாடா முடிந்ததில்லை.

ஒரு பையன் வந்து நின்றான்.
சட்டையில் பெயர், ஜரட்.
ஏதும் உதவி வேண்டுமா என்றான்.
"அலை வேண்டும்" என்றேன்.
யோசித்தான்.
பிறகு குனிந்து சப்பாத்துப் பெட்டியைப் பிடித்து
இடமும் வலமுமாய் உலுக்கினான்.
நல்ல பிள்ளை.
எழுபத்தொன்பது டொலர்.

"ஆம்பிளைக் களுசானோ?" என்றார் கேதாரநாதன்.
"மீன் கேட்காது" என்றேன்.
அதற்குப் பிறகு அவர்தான்
நாலு அங்குலம் மடித்துத் தைத்தார்.
நூலின் நிறம் பொருந்தவில்லை என்று
பிரித்து, திரும்பவும் தைத்தார்.

சனிக்கிழமை.
காற்று தென்மேற்கிலிருந்து, ஆனால் பொறுக்கக்கூடியது.
நுளம்பு துணியில் இருந்து பார்த்துவிட்டுக் கழுத்துக்குப் போனது.
ஒன்பதரைக்கு நூல் இழுத்தது,
கல்லில் மாட்டியது என்றுதான் நினைத்தேன்.
கல் தலையை ஆட்டியது.

பிளாட்ஹெட். நாற்பத்தொரு சென்றிமீற்றர்.
மடியில் விழுந்து துள்ளியது,
செவுள் முள்ளை விரித்துக்கொண்டு.
தூண்டிலின் மற்ற முள் என் தொடையில் ஏறி
துணியில் நின்றது.
இரண்டு இழை அறுந்தது, அவ்வளவுதான்.
டெப்ரா அங்கிருந்து என்னவோ கத்தினாள்.
எனக்குக் கை நடுங்கியது, காலுக்கு ஒன்றுமில்லை.
கால் இருப்பதையே
காலையிலிருந்து மறந்துபோயிருந்தேன்.

வீட்டுக்கு வந்து, துவைக்க முதல் சிப்பைத் திறந்தேன்.
திறப்பு, ஒரு றப்பர்ப் புழு,
நாலாய் மடிந்து ஈரமான பற்றுச்சீட்டு:
திருப்பிக் கொடுப்பதென்றால் முப்பது நாளுக்குள்.

மீனைச் செதில் தட்டி முடிய முன்
கொடியில் களுசான் காய்ந்துவிட்டது.
பற்றுச்சீட்டைச் செதில்களுக்கு மேல் போட்டுச் சுற்றி
குப்பைக்குள் எறிந்தேன்.