மூன்றேகால்

இரவுப் பணி முடிந்து
தோட்டப்பாளையத்து அறையில்
கொய்யாவை நறுக்குகிறேன்.
மார்கழிப் பனி
ஜன்னல் கம்பியில் இன்னும் ஈரம்.

பதினான்காம் படுக்கைக்காரர்
வீட்டுக்குக் கிளம்பும்போது
வேண்டாமென்றும் திணித்துவிட்டுப் போன
கமலா ஆரஞ்சுகள்.
ஒன்று அமுங்குகிறது, அது சாற்றுக்கு.

மாதுளை உதிர்ப்பது பெனினா வேலை.
பாதியை வாய்க்குள் உதிர்க்கிறாள்.

சாற்றில் எலுமிச்சை, தேன்,
தட்டிய மிளகு, உப்பு
கை தவறிக் கொஞ்சம் கூட.
விரலால் பிசறினேன்.
சுரீர்.

கட்டைவிரலில் ஒரு கீறல்.
எந்த மருந்துக் குப்பியை உடைத்தபோது?
ஒன்பதாம் படுக்கை
மூச்சுக்குத் திணறிய
அந்த மூன்றேகாலிலா?
அப்போது வலிக்கவே இல்லையே.

"கரண்டி எதுக்குடி இருக்கு?" என்றவள்
கொஞ்சம் பொறுத்து,
"ஒன்பது என்னாச்சு?"

விரலைச் சூப்பியபடி சொன்னேன்:
"விடியல்ல டீ கேட்டாரு.
சர்க்கரை தூக்கலா."