ஒன்று ஒன்று இரண்டாயிரத்து எட்டு

பேட்டரி மாற்றும்போதெல்லாம்
இன்று என்ன தேதி என்று கேட்கும் அது.
அடுப்பில் பால் இருக்கும்.
பாவாடை கசங்காமல் நின்றுகொண்டு மோனிஷா
சிரிச்சு சிரிச்சு வாய் வலிக்குதும்மா என்பாள்.
சரி சரி என்று பட்டனை அழுத்திவிடுவேன்.

அதனால் எங்கள் வீட்டில் எல்லாமே
2008 ஜனவரி ஒன்றாம் தேதி நடந்தது.

தருணுக்கு முன்பல் விழுந்தது அன்றுதான்.
அதே பல் முளைத்ததும் அன்றுதான்.
அஞ்சலாட்சி அண்ணி
முழங்கை வரை வளையலோடு உட்கார்ந்திருந்ததும்,
வயிற்றில் இருந்த அந்தப் பிள்ளை
தவழ்ந்து வந்து லென்ஸை நக்கியதும்.
(அந்தப் படத்தில் ஒன்றும் தெரியாது. ஈரமாக இருக்கும்.)
தேவனாம்பட்டினத்தில் அலைக்கு முதுகு காட்டி நின்று
இவர் இடுப்பு வரை நனைந்ததும்.
மணி மட்டும் கொஞ்சம் மாறும்:
பன்னிரண்டு மூன்று, பன்னிரண்டு பத்து.
நடுராத்திரியில் எங்களுக்கு அத்தனை வெயில்.

லாரன்ஸ் ரோட்டில் வாங்கியது.
சிப்காட்டில் இவருக்கு
அந்த தீபாவளிக்குத்தான் போனஸ் முழுசாக வந்தது.
ஐயாயிரத்து எழுநூறு, உறை இலவசம்.
சோப்பு டப்பா அளவுதான்.
சில்லறை, சீப்பு, ரேஷன் கார்டோடு
ஹேண்ட்பேக்கில் கிடக்கும்.
கார்டு நிறைந்துவிட்டால்
ஒன்றை எடுக்க ஒன்றை அழிக்க வேண்டும்.
திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் நின்றபடி
எந்தப் பிறந்தநாளை விடலாம் என்று
தள்ளித் தள்ளிப் பார்ப்பேன்.
கண் சிவந்தவர்கள் முதலில் போனார்கள்.
பிறகு தலை வெட்டுப்பட்டவர்கள்.
மாமனார் தூங்குவது ஐந்து இருக்கிறதே என்று
நாலை அழித்தேன்.

தானே புயல் போன காலையில்
முதலில் கேமராவைத்தான் தேடினேன்.
அரிசி டின்னுக்குள் வைத்திருந்தேன், நனையவில்லை.
ஓடு போன கூரை.
பீரோ மேல் படுத்திருந்த முருங்கை.
சுவரில்லாமல் தெருவைப் பார்த்து நின்ற கேஸ் அடுப்பு.
இருபத்தாறு படம்.
ஊரில் கரண்ட் இல்லை,
விழுப்புரம் போய் பிரிண்ட் போட்டு வந்தோம்.

நஷ்ட ஈட்டு வரிசையில்
மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
மூலையில் இருந்த ஆரஞ்சு எழுத்தைப் படித்தார் ஒருவர்.
"ஏம்மா, நாலு வருஷம் முன்ன விழுந்த ஓட்டுக்கு
இப்ப வந்து பணம் கேட்டா எப்படி?"
பின்னால் யாரோ சிரித்தார்கள்.
எனக்கும் சிரிப்பு வந்தது, அதுதான் கொடுமை.
இவர் நகத்தால் தேதியைச் சுரண்டிப் பார்த்தார், போகவில்லை.
பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கத்தரிக்கோல் கேட்டு வாங்கி
இருபத்தாறு மூலையையும் வெட்டிக் கொடுத்தோம்.
வாங்கிக்கொண்டார்.

இப்போது போனே தேதி போட்டுக்கொள்கிறது,
எந்தத் தெரு என்றுகூட.
கேமராவின் லென்ஸ் பாதி வெளியே வந்து
கடற்கரை மணலோடு நின்றுவிட்டது,
ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி.
போன வாரம் தருண்
கார்டை மட்டும் லேப்டாப்பில் சொருகி
தேதிப்படி அடுக்கச் சொன்னான்.
ஒரே நாள். நிமிஷப்படி அடுக்கியது.
பன்னிரண்டு நாலுக்கு மாமனார் கருமாதி.
பன்னிரண்டு ஆறுக்கு
ஈசிசேரில் வாயைத் திறந்துகொண்டு அவர் தூங்குகிறார்,
வேட்டி நுனியில் பூனை.

யாரும் அதை மாற்றி வைக்கவில்லை.

"நிஜமாவே அந்த ஒண்ணாந்தேதி என்ன பண்ணோம்?"
என்றாள் மோனிஷா.
கேமரா வாங்காத வருஷம். ஒரு படமும் கிடையாது.
இவருக்கு நைட் ஷிப்டாக இருந்திருக்கும்.
கேசரி கிளறியிருப்பேன் என்றேன்.
ரவை வாங்கி வந்த ஞாபகமே இல்லை
என்கிறார் இவர்.