இரண்டரை அங்குலம்

நிஸ்பார் கூரையை நாலு அங்குலம் வெட்டச் சொன்னான்.
நான் தூண்களில் டேப்பை ஒட்டிவிட்டு
ரோட்டைக் கடந்துபோய் நின்று பார்த்தேன்.
நாலு என்றால்
தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்ட கள்ளன்.
மூன்றில் தூக்கக் கலக்கம்.
இரண்டரையில்தான்
அது எங்களைத் திரும்பிப் பார்த்தது.

ஐம்பத்திரண்டாம் ஆண்டு ஒஸ்டின்.
கிரானில், நெல் மூட்டைகளுக்குப் பின்னால்
எலிகளின் பிள்ளைப்பேற்று வார்ட்டாகக் கிடந்தது.
கொழுத்த மட்கார்ட், உருண்டைக் கண்,
கலியாணச் சாப்பாட்டிலிருந்து எழும்பிய உடம்பு.
அதற்குள் ஒரு ஓட்டக்காரன் இருக்கிறான் என்றான் நிஸ்பார்.
நான் நம்பவில்லை.
ஆனால் வாள் என் கையில் இருந்தது.

தூணை வெட்டினால் முடிந்துவிடுமா?
கீழே அகலம், மேலே ஒடுக்கம்.
கூரையை இறக்கி வைத்தால்
நாலு மூலையும்
காணித் தகராறில் பிரிந்த சகோதரர்கள்.
நெடுக்கே பிளந்து, குறுக்கே பிளந்து,
நடுவில் தகடு வைத்து ஒட்ட மூன்று கிழமை.
ஏறாவூரில் கரண்ட் போன இரவுகளில்
கண்ணை நம்பாமல் கையால் தடவினேன்.
விரல் இடறும் இடமெல்லாம் சோக்குக் கோடு.

மறுகா டயர்.
பின்னால் பெரிது, முன்னால் சிறிது,
எவ்வளவு பெரிது என்பதில் நிஸ்பாருக்கு டிராக்டர் ஆசை.
பூட்டி இறக்கிய அன்று
செங்கலடிப் பக்கமிருந்து தயிர்ச் சட்டிகளோடு வந்த வேலாப்போடி
சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு,
"என்ன மனே, எழும்புற மாடு மாதிரி நிக்குது" என்றார்.
மாடு பின்காலைத்தான் முதலில் தூக்கும்.
பாதி எழும்பிய நிலையில்
எந்த மாடும் அழகில்லை.

நிஸ்பார் அன்று பகல் சாப்பிடவில்லை.
இரவு பின்வில்லில் ஒரு தட்டைக் கழற்றினோம்,
டயரையும் மாற்றினோம்.
டயருக்கும் மட்கார்டுக்கும் இடையில் மூன்று விரல்.
யாருடைய விரல் என்று ஒரு சண்டை.
என்னுடையதுதான். அவனுடையது தடிப்பு.

இப்போது மூக்கு சற்றே தாழ்ந்து,
வாவிக்கரையில் மீனைக் கண்டுவிட்ட கொக்கு.
இன்னும் கொத்தவில்லை.
அந்த 'இன்னும்'தான்
எங்களுக்குச் செலவான ஒன்பது லட்சம்.

கண்ணாடி கொழும்பிலிருந்து வரவேண்டும்.
நிறம் பற்றிப் பேசினால் மறுபடி சண்டை,
ஆகவே சாம்பல் பிரைமரிலேயே நிற்கிறது.
நேற்று ரோட்டுக்கு அந்தப் பக்கம்
தேத்தண்ணியோடு நின்று பார்த்தேன்,
ஒரு கோடுகூடத் திருத்த இல்லை.
நிஸ்பார் உள்ளே ஏறினான்.
கூரை அவன் தலைமயிரை அமத்தியது.
"கொஞ்சம் குனிஞ்சு இரி" என்று கத்தினேன்.
"குனிஞ்சுதான் இரிக்கன்" என்றான்.