இரவு 9.47

ஒன்பது வருடமாக 'டூ' என்றவன்
இன்றைக்கு 'ஸீ' என்று எழுதியிருந்தான்.

மிச்சத்தை வாசிக்கத் தேவையில்லை.
புளி கரைத்த கையைத் துடைத்துவிட்டு
அடுப்படியில் நின்றபடியே வாசித்தேன்.

"மதிப்புக்குரிய திருமதி தவநிதி அவர்களே,
இம்மாத முடிவோடு உங்கள் பணி நிறைவடைகிறது.
புரிந்துகொள்வீர்கள் என நம்புகிறேன்."
கீழே, பழக்கதோஷத்தில்,
ஒரு சின்னக் குரோசான் படம்.

ஜெர்மனில் இரண்டே இரண்டுதான்:
நெருங்கினால் டூ, விலகினால் ஸீ.
எங்களிடம் நடுவில் இன்னொன்று இருக்கிறது.
'நீ' என்றால் குறைந்துபோவார்,
'நீங்கள்' என்றால் தூரமாகிவிடுவார்
என்று நினைக்கிற ஆட்களுக்கு
'நீர்.'

யோர்க்கின் டூவையெல்லாம்
நீர் என்றுதான் எனக்குள் மாற்றி வைத்திருந்தேன்.
நீர் வாரும், மா பொங்கிட்டுது.
நீர் ரெண்டு பாண் கொண்டு போம்.
ஒரு மார்கழி, விடிய நாலு மணி,
மாச்சாக்கில் சாய்ந்து நின்று
"உமக்குச் சொல்லவேணும், என்ர தங்கச்சி செத்துப்போனா"
என்றவனும் இவன்தான்.
சாவைச் சொல்ல வாய் இருந்தது.

வீட்டிலும் இதே கதை.
சண்டை முற்றினால் இவர்
"நீங்கள் சொன்னால் சரி" என்பார்.
மரியாதை கூடக் கூட
எனக்கு நெஞ்சு பதறும்.

நீலக்குறி இரண்டும் விழுந்துவிட்டன.
நான் வாசித்தது அவனுக்குத் தெரியும்.
பதிலுக்கு போன் தானாகவே மூன்று எடுத்து வைத்தது:
நன்றி. மகிழ்ச்சி. ஒரு பெருவிரல்.
விரல் நிமிர்ந்து காத்துக்கொண்டே நின்றது.

காலையில் ஆற்றுக்கு மேலே தொங்கிப்போகும் ரயிலில்
ஐசெல் போனை வாங்கிப் பார்த்துச் சிரித்தாள்.
"இது செல்லாது. கடதாசி வேணும்.
மையால் வைத்த கையெழுத்து வேணும்.
இந்த நாட்டில் போனில் காதலை முறிக்கலாம்,
வேலையை முறிக்க ஏலாது."

பார்மன் வருமுன் எழுதினேன்:
"தயவுசெய்து கடிதமாகத் தாருங்கள்."
நானும் ஸீதான் போட்டேன்.
கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருந்தது.

சனிக்கிழமை மூன்று மாடி ஏறி வந்தான்.
காதோரம் மா. கையில் உறை.
செருப்புத் தட்டைப் பார்த்தே பேசினான்:
கரண்ட் பில், அடுப்புக்கு எடுத்த கடன்,
எதிர்ச் சந்தியில் சில்லறைக் காசுக்குப் பாண் விற்கிற பெரிய கடை.
பிறகு நிமிர்ந்தான்.
"பதினொரு தரம் அடித்து அழித்தேன்.
வாயால் சொல்ல வந்தால் டூ என்றுதான் வருது.
டூ என்று சொல்லி
உம்மை எப்படி நிறுத்திறது?"

உறையைப் பிரித்தேன்.
மெசேஜில் மாத முடிவு.
கடதாசியில் மூன்று மாதம்.
பேனை பிடித்தால்தான்
மனிசனுக்குக் கணக்கும் ஞாபகம் வரும் போல.
கையெழுத்தின் வால் ஈரத்தில் இழுபட்டிருந்தது.

எனக்கு இரக்கம் வரவில்லை என்று சொல்லமாட்டேன்.
கோபம் போனது என்றும் சொல்லமாட்டேன்.
கதிரையை இழுத்துப் போட்டேன்.
"தேத்தண்ணி ஆறுது, குடி" என்றேன்
அவனுடைய பாஷையில், டூ போட்டு.

அது நீரா, நீயா என்று
ஜெர்மனில் எவரும்
கண்டுபிடிக்க ஏலாது.